வள்ளுவர் கோட்டம்: பக்கத்திலேயே வாழ்கிற நமக்கு அது என்ன?

நுங்கைப் பெண்

நான் பிறந்து வளர்ந்தது நுங்கம்பாக்கம் லேக் ஏரியாவில். வீட்டிலிருந்து வள்ளுவர் கோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம், பத்து நிமிஷம்கூட ஆகாது. அப்படி இருந்தும் இந்த நாற்பத்திரண்டு வயதுக்குள் நான் உள்ளே போனது நான்கே தடவை. ஒருமுறை பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையில் நடத்திக் கூட்டிப்போனார்கள். இரண்டு முறை கைத்தறிக் கண்காட்சி. இன்னொரு முறை ஊரிலிருந்து வந்த பெரியப்பாவுக்குச் சுற்றிக்காட்ட. மற்றபடி எங்கள் வீட்டில் அது வழி சொல்ல உதவுகிற ஒரு பெயர். "கோட்டம் தாண்டி இடது பக்கம் திரும்புங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொல்வோம். அப்படிச் சொல்லும்போது யாரும் அண்ணாந்து அங்கே நிற்கிற கல்தேரைப் பார்த்ததில்லை.

2025 ஜூன் 21 அன்று, 80 கோடி ரூபாய் அளவில் செலவு செய்து புதுப்பித்துத் திறந்தார்கள். அடுத்த மாதம், எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். புது அரங்கம், விளக்கு, நீரூற்று எதிலும் அவள் மனசு நிற்கவில்லை. 1330 குறளையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிற குறள் மணிமாடத்துக்குள் நுழைந்ததும் என் கையை விட்டுவிட்டு ஓடினாள். மனப்பாடப் பகுதியில் வருகிற ஒரு குறளை அங்கே தேடிக் கண்டுபிடித்தாள். கல்லில் வெட்டிய எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு சீராக ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு 'ழ' வந்த இடத்தில் விரல் நின்றது. "அம்மா, இது உள்ளே குழியா இருக்கு" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் அந்த எழுத்தை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

அதனால்தான் இந்த இழை. கோட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள், தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள், அங்கே ஏதாவது ஒரு காரணத்துக்காக நின்றவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கு அது என்ன? வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்கிற பதில் வேண்டாம். உங்கள் மனசில் இருப்பது வேண்டும்.

ஆரூர்க்காரன்

எனக்கு முதலில் வந்தது கோபம்தான் அக்கா.

நான் திருவாரூர்க்காரன். வேலை தேடிச் சென்னைக்கு வந்த புதிதில் பேருந்து ஜன்னல் வழியாகக் கோட்டத்தைப் பார்த்தேன். நம்ம ஊர் ஆழித்தேர்! அதே அமைப்பு. ஆனால் கல். நின்ற இடத்திலேயே நிற்கிறது. தேர் என்றால் ஓட வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு அது என்னவோ கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

எங்கள் ஊர்த் தேரை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம். கீழ்ப்பகுதி முழுக்க மரச் சிற்பம், அதற்கு மேலே மூங்கிலும் துணியும். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். "ஆரூரா, தியாகேசா" என்று சத்தம் எழும்பியதும் வடம் விறைக்கும். ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. அப்புறம் சக்கரத்துக்கு அடியில் மண் நொறுங்குகிற ஓசை கேட்கும், தேர் ஓர் அடி நகரும். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடிவருவார். வீதி முனையில் தேரைத் திருப்புவது அவர்கள் கையில்தான் இருக்கிறது. என் சித்தப்பா பல வருஷம் கட்டை போட்டவர். அவர் உள்ளங்கை மரம் மாதிரிதான் இருக்கும்.

அந்தத் தேர் 1948க்குப் பிறகு ஓடாமலே நின்றிருந்தது. 22 வருஷம். 1970ல்தான் மறுபடி ஓடியது. இரும்புச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் நிறுவனத்தில் செய்து கொடுத்தார்கள். அதை ஓட வைத்த முதலமைச்சர் கலைஞர். அவரே நாலு வருஷம் கழித்துச் சென்னையில் கல்தேர் கட்டத் தொடங்கினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் என் கோபம் அடங்கியது. திருக்குவளைப் பையன் ஒருவர் சின்ன வயசில் அண்ணாந்து பார்த்த பெரிய பொருள் அந்தத் தேர். அதைக் கொண்டுவந்து தலைநகரத்தின் நடுவில் வைத்திருக்கிறார். இப்போது அந்தப் பக்கம் போனால் எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். பங்குனியில் ஊருக்குப் போக முடியாத வருஷம் இரண்டு தடவை கோட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன்.

அம்பத்தூர்க் குமரன்

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது பல வருஷமாக என்னை உறுத்துகிற விஷயம்.

தேர் யாருக்கு? சாமிக்கு. கருவறை யாருக்கு? சாமிக்கு. வள்ளுவரைத் தேரில் ஏற்றி, கருவறையில் உட்கார வைத்து, கீழே நின்று அண்ணாந்து பார்க்கச் செய்திருக்கிறோம். அவர் எழுதியதோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான எழுத்து. சின்னச் சின்ன வரி. வீட்டில், சந்தையில், அரசவையில், கட்டிலில் என்று மனுஷன் இருக்கிற இடத்துக்கெல்லாம் வந்து பேசுகிறவர். அவரை முப்பது அடி உயரத்துக்குத் தூக்கிவிட்டால் யார் பேச முடியும்? நான் போனபோது ஒரு குடும்பம் அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவர்கள் மேல் தப்பே இல்லை. கட்டடம் அப்படிச் செய் என்று சொல்கிறது, அவர்கள் செய்கிறார்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959லிருந்து நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதைக் கும்பிட யாருக்கும் தோன்றாது. ஆனால் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கூட அதைப் பார்த்து "இது நாமதான்" என்பார். வள்ளுவருக்கும் அப்படி ஒன்று அமைந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கல்தச்சன் மகன்

குமரன் அண்ணா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கல்வேலை செய்கிற வீட்டுப்பிள்ளையாக நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோட்டத்தை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். பிற்பாடு கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைச் செய்தவரும் அவர்தான், அது 2000 ஜனவரி 1ல் திறக்கப்பட்டது. அந்த மரபில் வந்த ஒருவரிடம் "பெரிதாக ஒன்று செய்யுங்கள்" என்று கேட்டால் அவர் கையில் என்ன வரும்? கோபுரம் வரும், விமானம் வரும், தேர் வரும். அவருக்குத் தெரிந்த உயர்ந்த வடிவம் அதுதான். மரியாதை செய்ய வேண்டும் என்றால் தன் கையில் இருக்கிறதிலேயே நல்லதைத்தானே எடுத்துக் கொடுப்பார்? அப்பா அடிக்கடி சொல்வார், "நமக்கு வேற பாஷை தெரியாதுப்பா".

அங்கே இருக்கிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கல்தேர் 39 மீட்டர், அதாவது 128 அடி. ஆழித்தேரை விடவும் உயரம். மரத்தேரில் மேல்பகுதி மூங்கில், துணி என்பதால் அங்கே எடை குறைவு. கல்லில் அப்படித் தப்பிக்க முடியாது. மேலே போகப் போக எடை கூடும், அதை அடிப்பகுதி தாங்க வேண்டும். பக்கத்திலேயே அரங்கம். அதற்குள் தூண் கிடையாது, முழுக்க வேறு காலத்துக் கட்டுமானம். இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் நிற்பதை நான் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன்.

மணிமாடத்தில் அறத்துப்பால் கறுப்புக் கல், பொருட்பால் வெள்ளை, இன்பத்துப்பால் சிவப்பு. ஒரு குறளுக்கு ஏழு சீர் என்றால் 1330க்கு 9310 சீர். கல்லில் எழுத்து வெட்டுகிறவனுக்கு ரப்பர் கிடையாது. ஒரு கொம்பு விட்டுப்போனாலும் ஒரு புள்ளி இடம் மாறினாலும் அந்தப் பலகை போச்சு. அப்பாவோடு ஒரு கல்வெட்டுக்கு எழுத்து வெட்ட உட்கார்ந்திருக்கிறேன். முதலில் சுண்ணாம்பில் எழுதிக் காட்டுவார், எதிரே உட்கார்ந்து ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், அப்புறம்தான் உளி. ஒரு நாளைக்கு எத்தனை எழுத்து வரும் என்று தெரிந்தவனுக்கு அந்த மாடத்தில் நடப்பது சாதாரண நடை இல்லை.

அக்கா மகள் 'ழ'வின் குழியில் விரல் வைத்தாள் என்று படித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சுழிதான் கஷ்டம்" என்றார்.

ஏரிக்கரை

எல்லாரும் தேரைப் பற்றியே பேசுகிறோம். தேர் நிற்கிற இடத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

அது ஏரி. நுங்கம்பாக்கம் ஏரி. தெருப் பெயர்களைப் பாருங்கள், ஒன்றும் ஒளிந்துகொள்ளவில்லை. லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. டேங்க் பண்ட் என்றால் ஏரிக்கரைதான். இன்னும் தெற்கே மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீண்ட நீர்நிலை, பழைய சென்னைக்கு மேற்கு எல்லை மாதிரி இருந்தது. 1920களில் அதன் ஒரு பகுதியை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சமும் போனது. நுங்கம்பாக்கம் பக்கத்தில் கடைசியாகக் கிடந்த நீர்ப்பரப்பின் மேல்தான் கோட்டம் எழும்பியது.

நான் வள்ளுவருக்கு எதிரி இல்லை, தேருக்கும் எதிரி இல்லை. ஆனால் மணிமாடத்தில் முதல் அதிகாரம் முடிந்து இரண்டாவது அதிகாரத்துக்கு வரும்போது என் கால் நின்றுவிடும். வான்சிறப்பு. நீர் இல்லாமல் உலகம் இல்லை என்கிற குறள் அதில்தான் இருக்கிறது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததாக மழையை வைத்த ஒரு மனுஷனுக்கு நாம் ஏரியைத் தூர்த்து மேடை போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வருகிறது. தண்ணீருக்கு அதன் பழைய இடம் தெரியும்.

இத்தனை செலவில் புதுப்பித்தபோது, இங்கே ஒரு ஏரி இருந்தது என்று ஒரு கல் நட்டிருக்கலாம். ஒரே ஒரு கல். என் கோரிக்கை அவ்வளவுதான்.

பழைய தலைமையாசிரியர்

பிள்ளைகளே, ஏரி பற்றி எழுதிய தம்பிக்கு: கோட்டம் வருவதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே நீங்கள் நினைக்கிற மாதிரி அழகான ஏரி இல்லை. ஓர் ஓரத்தில் குட்டை, மற்றபடி நகரத்துக் குப்பை கொட்டி மேடாக்கிய நிலம். எருமைகள் நிற்கும். மாலையில் அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். ஏரியைக் கொன்றது கோட்டம் இல்லை, அதற்கு முன்பே நகரம் கொன்றுவிட்டது. இதைச் சொல்வதால் உங்கள் கோரிக்கை தவறாகிவிடாது. கல் நட வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்.

நான் சொல்ல வந்தது திறப்பு விழாவைப் பற்றி. கட்டியது ஓர் அரசு, திறந்தது வேறு. 1976 ஜனவரி 31ல் கலைஞர் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். நெருக்கடி நிலைக் காலம். ஏப்ரல் 15ல் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது வந்து திறந்துவைத்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாலையோரம் கூட்டத்தில் நின்றிருந்தேன். கூட்டம் பெரிதுதான், ஆனால் பேச்சு இல்லை. பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் அப்போது. தேரின் உச்சிக் கலசத்தில் வெயில் அடித்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கட்டினவன் எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1989 ஜனவரியில், கலைஞர் மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றது அதே வள்ளுவர் கோட்டத்தில். அன்றைக்கும் போனேன். நான் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை, ஆனால் அந்த இரண்டு நாளையும் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தக் கட்டடம் வெறும் கல்லாகத் தெரிவதில்லை. அரசுகள் மாறி மாறி வந்தன. அதைக் கவனித்த காலமும் உண்டு, கண்டுகொள்ளாத காலமும் உண்டு. கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து எடுத்தார்கள், 2006 ஜூனில் திரும்ப வைத்தார்கள். சிலையைத் தூக்கிப்போக முடியும். தேரைத் தூக்கிப்போக முடியாது, அதனால் அது நின்றுகொண்டே இருந்தது.

விழுப்புரத்து டீச்சர்

நான் சென்னைக்காரி இல்லை. ஆனாலும் எழுதலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கோட்டத்தின் வாசலில் நான் பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

தொகுப்பூதியத்தில் பல வருஷம் வேலை பார்த்தோம். பணிநிரந்தரம் கேட்டுப் போராட்டம். எங்கே உட்காரலாம் என்று கேட்டால், போலீஸ் அனுமதி கொடுக்கிற இடங்களில் ஒன்று வள்ளுவர் கோட்டம் என்றார்கள். சென்னையில் போராடப் போகிறோம் என்றாலே எங்கள் ஊரில் "கோட்டமா, சேப்பாக்கமா?" என்றுதான் கேட்பார்கள். ராத்திரி பேருந்து ஏறி விடியற்காலையில் இறங்கினோம். ஷாமியானா, தரையில் விரித்த ஃபிளெக்ஸ், தண்ணீர் கேன். ஒன்பது மணிக்கே தார் சுட ஆரம்பித்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தேரின் நிழல் எங்கள் பக்கம் வரும் என்று முதல் நாள் ஒரு டீக்கடை அக்கா சொன்னார். அப்புறம் தினமும் அதற்காகவே காத்திருப்போம்.

உள்ளே போகவே இல்லை. பதினோரு நாளில் ஒருநாள்கூட. குறளெல்லாம் உள்ளே வெட்டியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது, இந்த இழையைப் படித்துத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். நான் தமிழ் பாடம் எடுக்கிறவள். கொடுங்கோன்மை அதிகாரத்தில், துன்பம் தாங்க முடியாமல் அழுத கண்ணீர்தான் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று வரும் இல்லையா, அதை எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் குறள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. நாங்கள் இந்தப் பக்கம்.

ஒன்பதாம் நாள் என்னோடு வந்த தோழி மயங்கி விழுந்துவிட்டாள். எதிர்வீட்டு அம்மா ஒருவர், பெயர்கூடக் கேட்கவில்லை, ஓடிவந்து உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்துப் படுக்க வைத்தார். "வருஷம் பூரா யாராவது வந்து அழறீங்க, நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம்" என்றார். கோட்டம் என்றால் எனக்கு அந்த அம்மாதான்.

ஹைரோடு கடை

டீச்சரம்மா, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் என் கடை. உங்களை மாதிரி ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு அது எளிதில்லை. பெரிய போராட்டம் என்றால் காலையிலேயே தடுப்பு போட்டுவிடுவார்கள். சரக்கு வண்டி வராது. மைக் சத்தத்தில் போனில் பேச முடியாது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கூட்டம் வந்தபோது ரோடு முழுக்கத் தலைதான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையைக் கூட்டிவர ஒரு மணி நேரம் சுற்ற வேண்டியிருந்தது. கோபம் வரும். தெருக்காரர்கள் சேர்ந்து, வேற எங்கேயாவது இடம் கொடுங்கள் என்று பேசியதும் உண்டு.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கண் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், நர்ஸுகள் வந்தார்கள், விவசாயிகள் வந்தார்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். என் பெரிய பையன் தினமும் கடைக்கு வந்து யார் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பான். நான் சொல்வேன். தமிழ்நாட்டில் என்ன பிரச்சினை நடக்கிறது என்று அவன் தெரிந்துகொண்டது பேப்பரில் இல்லை, எங்கள் கடை வாசலில்தான். இப்போது சட்டம் படிக்கிறான். அதற்குக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவனே அப்படித்தான் சொல்கிறான்.

தறிவீட்டு மருமகள்

அக்கா, கைத்தறிக் கண்காட்சி என்று எழுதினீர்களே, அந்தக் கடைகளில் ஒன்று எங்கள் மாமனாருடையதாக இருந்திருக்கலாம்.

எங்களுக்குச் சேலம் பக்கம். மாமனார் வருஷத்துக்கு ஒருமுறை கோட்டத்துக் கண்காட்சிக்குச் சேலை மூட்டையோடு வருவார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வியாபாரம் மந்தமான மதிய நேரத்தில், பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மணிமாடத்துக்குப் போவாராம். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், பத்துக் குறள். அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, எழுத்தை எழுத்தாகச் சேர்த்துப் படித்துவிட்டு வருவார். அடுத்த வருஷம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். எந்த அதிகாரத்தில் விட்டோம் என்பதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பார்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கச் சேலைக் கணக்கு, யார் எத்தனை எடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்று. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் அதிகாரப் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. சில பெயர்களில் ஒற்று விட்டுப்போயிருக்கும். 'ஒப்புரவறிதல்' என்பதில் அவர் நின்றுவிட்டார். அதற்கு அடுத்த வருஷம் அவரால் பயணம் செய்ய முடியவில்லை.

குமரன் அண்ணா, முப்பது அடி உயரத்தில் வைத்தால் யார் பேச முடியும் என்று கேட்டீர்கள். மாமனார் தேர்ப் பக்கம் போனாரா என்றுகூட எனக்குத் தெரியாது. மாடத்தில் நின்று படித்தார்.

அம்பத்தூர்க் குமரன்

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

தேரைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அதை மறைக்க மாட்டேன். கும்பிட வைக்கிற வடிவம் வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் நான் தேரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்பது புரிகிறது. படம் எடுக்கிறவர்கள், செய்தித்தாள், வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் தேர்தான். 1330 குறளும் இருக்கிற மாடம் எந்தப் படத்திலும் வருவதில்லை. கோட்டத்தின் உயிர் அந்த மாடத்தில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஒப்புரவறிதலுக்கு அடுத்து ஈகை. ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பத்துக் குறளையும் படித்துவிட்டு வருகிறேன், உங்கள் மாமனாருக்காக.

ஆரூர்க்காரன்

குமரன் அண்ணா, நானும் வருகிறேன். காலையில் போனால் வெயில் இருக்காது.

கல்தச்சன் மகன்

போகிறவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். மாடத்தைப் பார்த்துவிட்டு மேலே வேயா மாடத்துக்கும் போங்கள். அரங்கத்தின் மேல்தளம் அது. வேய்தல் என்றால் கூரை போடுவது, கூரை போடாத மாடம் என்பதால் வேயா மாடம். எவ்வளவு அழகான பெயர்! மொட்டைமாடி என்று சொல்லிப் பழகிவிட்டோம், எங்கள் அப்பாவோ வீட்டு மாடியையும் வேயா மாடம் என்றுதான் சொல்வார். அங்கிருந்துதான் தேரின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வரும். கீழே நின்று பார்க்கும்போது தெரியாத வேலையெல்லாம் அங்கே தெரியும். வள்ளுவர் உட்கார்ந்திருப்பதும் அந்த மட்டத்தில்தான், குமரன் அண்ணா, அங்கே நின்றால் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

நுங்கைப் பெண்

எல்லாப் பதிவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுபத்தைந்து வயது. 1971ல் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவர். இத்தனை வருஷத்தில் ஏரியைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. நானும் கேட்டதில்லை, அதுதான் உண்மை.

ஏரிக்கரை தம்பி எழுதியதையும் தலைமையாசிரியர் ஐயா எழுதியதையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் சொல்றது சரிதான், என்னைக் கூட்டிப்போ, காட்டறேன்" என்றார். முழங்கால் வலி, படி ஏற மாட்டேன் என்று எத்தனையோ தடவை சொன்னவர்.

நேற்று மூன்று பேரும் போனோம். நின்று நின்று ஏறி வேயா மாடத்துக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆனது. அம்மா தேரைப் பார்க்கவே இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். கட்டடம், தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம். டேங்க் பண்ட் ரோடு இருக்கிற திசையைக் காட்டி, "அந்தப் பக்கம் கரை. நான் வந்த புதுசுல கரையோரம் நடந்துதான் கடைக்குப் போவோம். இந்தப் பக்கம் எல்லாம் குப்பை. நடுவுல மட்டும் தண்ணி இருந்துச்சு, மழை பெஞ்சா கொக்கு வரும்" என்றார். அப்புறம், எங்கள் கால் இருந்த தளத்தைக் குனிந்து பார்த்தார். "இங்கயும் தண்ணிதான்."

மகள் கேட்டாள், "எவ்வளவு ஆழம் பாட்டி?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். சுவரிலிருந்து கையை எடுத்து அவள் தோள் மேல் வைத்து, "மழைக்காலத்துல இவ்வளவு" என்றார்.